மண்ணீரல் வீங்கிய மகளோடு மாமல்லபுரத்துக்கு ஒரு வெள்ளோட்டம்

என் மகள் பவித்ராவின் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் சுற்றுலாவாக மாமல்லபுரம் அழைத்துப் போகிறார்கள் என்று பொங்கல் விடுமுறை முடிந்ததுமே தெரிந்துவிட்டது. அனுப்பலாமா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் என் மனைவி தேவி ஒரு வழி சொன்னாள். பள்ளி போகிற அதே இடங்களுக்கு நான் மட்டும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்வர வேண்டும். பெண் ஒரு குறையும் இல்லாமல் வீடு திரும்பினால் சம்மதக் கடிதத்தில் தேவி கையெழுத்துப் போடுவாள். இல்லையென்றால் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. பழுது பார்த்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குகிற மாதிரி. அப்படித்தான் பிப்ரவரியின் முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கிளம்பினோம்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: கூடுவாஞ்சேரியில் எனக்கு ஒரு காயலான் கடை இருக்கிறது. பழைய இரும்பு, தகரம், பேப்பர், உடைந்த ஃபிரிட்ஜ் எல்லாம் எடுப்போம். படிப்பு பத்தாவது வரை. அதில் அறிவியல் மதிப்பெண்ணைக் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். நேரம் கிடைக்கும்போது குடும்பத்தோடு ஒருநாள் பயணம் போய்விட்டு இங்கே எழுதுவேன். போன முறை வேடந்தாங்கலுக்குப் பறவைகள் எல்லாம் ஊருக்குத் திரும்பிய மாதத்தில் போய், வெறும் ஏரியைப் பார்த்துவிட்டு வந்து எழுதியதைப் படித்துச் சிரித்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள்.

இந்த முறை விஷயம் கொஞ்சம் வேறு. பவித்ராவுக்குப் பதின்மூன்று வயது. நான்கு வயதிலேயே வயிறு பெரிதாக இருந்தது. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தோம். மந்திரித்தும் பார்த்தோம். கடைசியில் சென்னையில் ஒரு மருத்துவமனையில் கோஷே நோய் என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்தப் பெயரை எனக்குச் சரியாகச் சொல்லவே ஒரு மாதம் ஆனது. டாக்டரம்மா விளக்கியபோது நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதன் பிறகு அவருக்கு வேலை சுலபமாகிவிட்டது.

உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு காயலான் கடை இருக்கிறதாம். அதற்கு லைசோசோம் என்று பெயர். தேய்ந்துபோனது, உடைந்தது, காலாவதியானது எல்லாம் அங்கே வந்து சேரும். அங்கே வெட்டிப் பிரித்து, உபயோகப்படுவதைத் திரும்பச் செல்லுக்கே கொடுத்துவிடுவார்கள். மண்ணீரலில் இருக்கிற சில செல்களுக்கு இதுதான் முழுநேரத் தொழில். ஆயுள் முடிந்த ரத்த அணுக்களைப் பிடித்துப் பிரித்து, அதில் உள்ள இரும்பைக்கூட எடுத்துப் புது ரத்தத்துக்கு அனுப்புமாம். நம் தொழிலை நம் உடம்பே செய்கிறதே என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்படிப் பெருமைப்படுகிற நேரமா அது என்று தேவி வெளியே வந்து கேட்டாள்.

ஒவ்வொரு சரக்கையும் வெட்டுவதற்கு ஒரு தனி ஆள். அதை நொதி என்கிறார்கள். பவித்ராவின் கடையில் ஒரே ஒரு ஆள் மட்டும் பிறவியிலிருந்தே வேலைக்கு வரவில்லை. ஒருவகைக் கொழுப்பை வெட்டுகிற ஆள். அந்தக் கொழுப்பு மட்டும் வெட்டப்படாமல் குவிந்து, கடை நிரம்பி, மண்ணீரல் வீங்கி, பக்கத்துக் கடையான இரைப்பையை நெருக்குகிறது. என் கடையில் கேஸ் கட்டர் பிடிக்கிற ஆள் நான்கு நாள் வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஃபிரிட்ஜ்கள் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிடும். பக்கத்துத் தையல் கடைக்காரர் ஷட்டரைத் திறக்க முடியாமல் சண்டைக்கு வருவார். அதேதான்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த ஆளை வெளியிலிருந்து கூலிக்கு அனுப்புகிறோம். மருத்துவமனையில் படுக்கவைத்து, இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுவார்கள். அரசு மருத்துவத் திட்டத்தில் சேர்த்திருப்பதால் எங்களுக்குச் செலவில்லை. மண்ணீரல் முன்பைவிட நன்றாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் விலா எலும்புக்குக் கீழே கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. நடக்கலாம், மெதுவாக ஏறலாம். விழக் கூடாது, வயிற்றில் அடிபடக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் சேர்ந்து போகிற இடத்தில் இதுதான் கஷ்டமான நிபந்தனை.

காலை ஆறு ஐம்பதுக்குக் கூடுவாஞ்சேரியில் செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடித்தோம். டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய்க்குள்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஜன்னலோரமே கிடைத்தது. பள்ளி வேனில் போகிறது. நமக்கு ரயிலும் பஸ்ஸும்தான் வேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும்போது பவித்ராவிடம் சாப்பிட்டாயா என்று கேட்டேன். "வூட்லயே சாப்ட்டேன்பா" என்றாள். நான் சாப்பிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

போன மாதத் தொடக்கத்திலிருந்து நான் காலைச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தேன். போனில் ஒரு வீடியோ வந்தது. ஊதா டி-சர்ட் போட்ட ஒருவர், பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்தால் செல்கள் தங்கள் குப்பையைத் தாங்களே தின்று சுத்தமாகிவிடும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயராம். என் தொப்பைக்கு இதைவிடச் செலவில்லாத வைத்தியம் வேறு எங்கே கிடைக்கும். தினமும் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டை மூடிவிட்டு, மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கடைக்கு எதிரே இருக்கிற வடைச்சட்டியைக் காலி செய்துகொண்டிருந்தேன். எடை ஒரு கிலோ கூடியது. ஆனாலும் வீட்டில் செல், குப்பை, சுத்தம் என்று நான் நடத்திய பிரசங்கத்துக்குக் குறைவில்லை.

செங்கல்பட்டில் இறங்கும்போது ஏழு இருபத்தைந்து. ஸ்டேஷனுக்கு வெளியே பஸ் நிலையம் நடக்கிற தூரம்தான். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ் பத்து நிமிடத்தில் வந்தது. சுமார் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லி முன்பக்கம் உட்காருங்கள். பின்பக்கச் சீட்டில் வேகத்தடைக்கு ஒருமுறை தூக்கிப் போடும். நான் காரணம் சொல்லாமல் முன்சீட்டு கேட்டதற்குக் கண்டக்டர், "இன்னா சார், ஏரோப்ளேனா இது, சீட்டு புக் பண்றதுக்கு" என்றார். பிறகு பவித்ராவைப் பார்த்துவிட்டு ஒரு மூட்டையை நகர்த்தி இடம் செய்துகொடுத்தார்.

திருக்கழுக்குன்றத்தில் பள்ளி வேன் மலையடிவாரத்தில் நிற்க, பிள்ளைகள் கும்பிட்டுவிட்டுப் போவார்களாம். ஏறுவது கிடையாது. நாங்கள் பஸ்ஸுக்குள் இருந்தபடியே கும்பிட்டுக்கொண்டோம். வெள்ளோட்டத்தில் இதைத் தேர்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு மாமல்லபுரம். முதலில் அர்ச்சுனன் தபசுப் பாறை. தெருவோரத்திலேயே இருக்கிறது, டிக்கெட் இல்லை. இதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பத்து மணிக்கு முன்னால் போனால் வெயில் இல்லை, கூட்டமும் இல்லை. தவம் செய்கிற பூனையைப் பவித்ராதான் கண்டுபிடித்துக் காட்டினாள். ஒற்றைக் காலில் நிற்கிற முனிவரின் விலா எலும்புகளை அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் எப்படிச் செதுக்கினார்கள் என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்து வெண்ணெய் உருண்டைப் பாறை. தேவி பயந்ததே இந்த இடத்துக்குத்தான். உருண்டை விழுந்துவிடும் என்றல்ல. அது நிற்கிற சரிவுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளின் பின்பக்கம் தேய்த்து அந்தப் பாறை தட்டு மாதிரி வழவழவென்று இருக்கிறது. அன்றைக்கும் ஒரு பத்துப் பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு தடவைப்பா."

"அம்மாவுக்குப் போன் போட்டுக் கேக்கட்டா?"

"வேணாம்."

"பின்ன?"

"நீ போ. நான் வீடியோ எடுக்கிறேன்."

அவள் மனம் ஆறட்டும் என்று நான் சறுக்கினேன். நான் இறங்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பாதியில் நின்றுவிட்டேன். மீதிப் பாதியைக் கையால் தள்ளித் தள்ளி இறங்கினேன். பேன்ட் கிழிந்தது. கிழிந்த இடத்தைப் பையால் மறைத்துக்கொண்டுதான் மீதி நாள் முழுக்க நடந்தேன். பவித்ரா சிரித்துச் சிரித்துப் போனைக் கீழே போடப் பார்த்தாள். சரிவில் சுண்டல் வந்தது, வேண்டாம் என்றாள். மிளகாய்த்தூள் போட்ட மாங்காய் வந்தது, அதுவும் வேண்டாம் என்றாள். வெளியே போனால் கண்டதைக் கேட்காத பிள்ளை என்று மனதுக்குள் பாராட்டினேன்.

கலங்கரை விளக்கம் பத்து மணிக்குத் திறந்தது. பெரியவர்களுக்குப் பத்து ரூபாய், பிள்ளைகளுக்கு ஐந்து. உள்ளே படி குறுகல், கடைசியில் ஏணி மாதிரி செங்குத்து. மேலே இருந்து வருகிறவர்கள் இறங்கி முடியும்வரை கீழேயே நில்லுங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் வயிற்றில் முழங்கை இடிக்கும். நாங்கள் அப்படி நின்று, வழி காலியான பிறகு ஏறினோம். நான் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினேன், அவள் ஒரே இடத்தில். மேலே ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பாறையும் பனைமரமும். அங்கிருந்து தேவிக்குப் போன் செய்து, எல்லாம் நல்லபடியாகப் போகிறது, கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்து வை என்றேன். வூட்டுக்கு வந்து பேசுங்க என்றாள்.

கீழே இறங்கி ஐந்து ரதத்துக்கு ஆட்டோ பிடித்தோம். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் இருக்கும், எண்பது ரூபாய் கேட்டார். ஆட்டோக்காரர் பெயர் செல்வம். அறுபதுக்கு வருவீர்களா என்று கேட்டேன்.

"அண்ணாத்த, பையால பின்னாடி மூடிகினு பேரம் பேசுறியே, அதுக்காகவே எழுபதுக்கு வரேன். ஏறு."

ஐந்து ரதத்துக்குப் பெரியவர்களுக்கு நாற்பது ரூபாய் டிக்கெட். அதே டிக்கெட்டில் அன்றைக்கே கடற்கரைக் கோயிலும் பார்க்கலாம், தொலைத்துவிடாதீர்கள். பதினைந்து வயதுக்குக் கீழே இலவசம். உள்ளே மணல், நிழல் குறைவு. மணி பதினொன்றரை ஆகியிருந்தது. கல் யானையை ஒரு சுற்று சுற்றி வந்தோம். இரண்டாவது சுற்றில் பவித்ரா யானையின் நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போய், உதடு காய்ந்து, நெற்றி முழுக்க வியர்வை. தொட்டால் கை சில்லென்றிருந்தது.

எனக்கு முதலில் வந்த எண்ணம் மண்ணீரல்தான். எங்கேயோ இடித்துக்கொண்டு சொல்லாமல் விட்டாளோ, உள்ளே ஏதாவது கிழிந்துவிட்டதோ என்று. வலிக்கிறதா, எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். பையும் கிழிந்த பேன்ட்டும் அப்போது நினைவில் இல்லை. நல்லவேளையாகச் செல்வம் கிளம்பவில்லை, வாசலில் அடுத்த சவாரிக்காக நின்றுகொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போ."

"போலாம். முதல்ல பாப்பாவ படுக்க வை. காலத் தூக்கி வை." அவர் பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றி அவள் முகத்தைத் துடைத்தார். "பாப்பா, காத்தால இன்னா துன்ன?"

பவித்ரா என்னைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்த, உன்னப் பாக்குது. நாஸ்தா குட்த்தியா இல்லியா?"

"வீட்லயே சாப்ட்டுட்டாளே."

"இல்லப்பா" என்றாள் அவள். "நேத்து ராத்திரிகூட சாப்பிடல."

அம்மாவிடம் செங்கல்பட்டில் அப்பாவோடு சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். என்னிடம் வீட்டிலேயே சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். முந்தின இரவு தோழி வீட்டில் சாப்பிட்டுவிட்டேன் என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். படுத்தபடியே ஆட்டோ கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீதானே சொன்ன, பதினாறு மணி நேரம் சாப்பிடாம இருந்தா செல்லே குப்பையத் துன்னுடும்னு. எனக்குதான் குப்ப ஜாஸ்தியா கீது. டூருக்கு எல்லாரும் கலர் டிரஸ். என் மஞ்சள் டாப்ஸ் வயித்துல டைட்டா கீதுப்பா. கொஞ்சம் சின்னதானாப் போதும்னு பாத்தேன். ஒரு வாரமாவே காத்தால டிபன் பாக்ஸ அப்படியே ரம்யா கிட்ட குட்த்துடுவேன்."

செல்வம் எதிர்க்கடைக்குப் போய் இளநீர் வெட்டி வாங்கி வந்தார். அவள் குடித்தாள். பாக்கெட்டிலிருந்து இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார். பத்து நிமிடத்தில் முகத்தில் ரத்தம் வந்தது. "ஆஸ்பத்திரிக்கா, ஓட்டலுக்கா?" என்று கேட்டார். நான் மருந்து ஏற்றுகிற வார்டின் சிஸ்டருக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் எடுத்தார். இடது பக்கம் வலி இருக்கிறதா, தோளில் வலி இருக்கிறதா, எங்காவது விழுந்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை என்றதும், சாப்பிட வையுங்கள், ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள், மறுபடி சோர்ந்தாலோ வலி வந்தாலோ யோசிக்காமல் பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள் என்றார். கடைசியில், "ஏன் சார் பட்டினி போட்டீங்க?" என்றார். நான் போடவில்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். சாப்பாடு நூறு ரூபாய். அவள் முதலில் தயிர் சாதம் கேட்டாள். பிறகு முழுச் சாப்பாடும் வாங்கிக்கொண்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தபோதுதான், டாக்டரம்மா எனக்காக என் கடையை வைத்துச் சொன்ன கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். பட்டினியில் செல் என்ன செய்கிறது? மூலையில் கிடக்கிற பழசையெல்லாம் பொறுக்கி மூட்டை கட்டுகிறது. கட்டி எங்கே கொண்டு போகிறது? அதே லைசோசோமுக்கு. அதே காயலான் கடைக்கு. அங்கே அந்த ஒரு ஆள் இல்லை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறான். ஊர் முழுக்கப் பொறுக்கிக் கொண்டுவந்து, ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருக்கிற கடை வாசலில் இன்னும் நாலு லோடு இறக்கினால் கடை எப்படிக் காலியாகும்? இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஊதா டி-சர்ட்காரருக்கு என் மகளைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் அப்பளத்தை உடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப உனக்கு ஏன் எடை குறையல?"

"அது வடை."

நேராக வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். கடற்கரைக் கோயிலை விட்டுவிடலாம். அது எங்கேயும் போகாது. "அப்ப நான் ஃபெயிலா?" என்றாள். கோவளம் வழியாகத்தான் பஸ் போகிறது, அங்கே இறங்கி மாற வேண்டும், அதனால் பள்ளிப் பட்டியலில் இருக்கிற கோவளமும் பார்த்த கணக்கில் வரும் என்று சமாதானம் சொன்னேன். போகிற வழியில் ஒரு கடையில் தொளதொளவென்று பருத்திச் சட்டைகள் தொங்கின. ஒன்று வாங்கித் தரட்டுமா என்றேன். "அது வெள்ளக்காரங்க போடறதுப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மாமல்லபுரத்திலிருந்து கோவளம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருபது கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் நாற்பது நிமிடம். அவள் வழியெல்லாம் என் தோளில் தூங்கினாள். நான் தூங்கவில்லை. அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கோவளத்தில் இறங்கி, படகுகள் ஏற்றி வைத்திருக்கிற மணலில் நிழலாக ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தோம். மீன் வேலை முடிந்து வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். நாற்றம் உண்டு, ஆனால் காற்றும் உண்டு.

"அம்மா கிட்ட சொல்லிடாதப்பா."

உண்மையில், தேவியிடம் சொல்லாமல் விடுவதுதான் எனக்கும் வசதி. சொன்னால் அவளுக்குச் சுற்றுலா போகும், எனக்கு வீட்டில் மானம் போகும். அவள் முகம் இப்போது தெளிவாக இருந்தது, நடை சரியாக இருந்தது. பார்த்தால் யாருக்கும் தெரியாது. சரி என்ற சொல் எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். "போனக் குடு. டீச்சர் கிட்ட அம்மாதான் பேசணும். எனக்கு மயக்கம் வந்தா இன்னா பண்ணணும்னு அம்மாவுக்கே தெரியலன்னா டீச்சருக்கு யாரு சொல்லுவா?"

அவளே போட்டாள். அவளே சொன்னாள், ஒரு வாரமாக டிபன் பாக்ஸ் கொடுத்தது உட்பட. தேவி பேசியது எனக்கும் கேட்டது.

"இப்ப சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா. ஃபுல் மீல்ஸ்."

"வலி?"

"இல்ல."

"உங்கப்பா இன்னா பண்ணிகினு இருந்தாரு?"

"காத்தால அப்பாவும் சாப்பிடலம்மா."

"வூட்டுக்கு வரச் சொல்லு அவர."

கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், அங்கிருந்து வண்டலூர், வண்டலூரிலிருந்து கூடுவாஞ்சேரி. மூன்று பஸ். ஆளுக்கு எழுபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஞாயிறு மாலையில் கேளம்பாக்கம் சாலையில் நெரிசல் இருக்கும், ஒன்றரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வீடு சேர்ந்தபோது ஆறரை.

தேவி கத்தவில்லை. பவித்ராவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், படுக்கச் சொன்னாள். கலங்கரை விளக்கம் ஏறினாளா என்று என்னைக் கேட்டாள். ஏறினாள். மூச்சு? ஒரே இடத்தில் வாங்கினாள். சறுக்கினாளா? இல்லை, நான்தான். பஸ்ஸில் தூக்கிப் போட்டதா? முன்சீட்டு. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அவளுக்கு மண்ணீரல் தாங்கிச்சு, காலு தாங்கிச்சு. தாங்காதது உங்க போன் வைத்தியம். வண்டி பாஸு. டிரைவர்தான் ஃபெயிலு. அவ போவட்டும். நீங்க பைக்கை எடுத்துகினு வேன் பின்னாடி போவலாம்னு நினைச்சுகினு இருந்தீங்கல்ல, அது வேணாம்."

அப்படி ஒரு திட்டம் எனக்கு இருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த முறை மருந்து ஏற்றப் போனபோது டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பவித்ராவிடம்தான் பேசினார். செல் தன் குப்பையை அள்ளுவது பட்டினி கிடந்தால் மட்டும் நடப்பதில்லையாம். சாப்பிட்டாலும் தூங்கினாலும் நாள் முழுக்க நடந்துகொண்டேதான் இருக்கிறதாம். பசியில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆனால் அள்ளினால் போதாது, கடைசியில் வெட்ட வேண்டும், அதற்குத்தான் இந்த மருந்து. வளர்கிற வயதில் பட்டினி கிடந்தால் வயிறு சுருங்குவதற்கு முன்னால் நீ சுருங்கிவிடுவாய் என்றார். என் பக்கம் திரும்பி, உங்கள் விஷயத்தில் அது பரவாயில்லை, ஆனால் வடையை நிறுத்துங்கள் என்றார். அதைப் பவித்ராதான் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

இதே மாதிரி உடம்போடு பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்த வழியில் போவதானால் நான் சொல்லக்கூடியது: மருந்து ஏற்றின மூன்றாவது நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள், அப்போதுதான் தெம்பு இருக்கிறது. மருத்துவமனை எண்ணை உங்கள் போனில் மட்டும் வைக்காமல் பிள்ளையின் பையிலும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வெண்ணெய் உருண்டைக்குப் போனால் சரிவின் அடிப்பக்கம் நிற்க வேண்டாம், சறுக்கி வருகிறவர்கள் வந்து மோதுவார்கள். ஐந்து ரதத்தைப் பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு பேருக்கும் ரயில், பஸ், ஆட்டோ, டிக்கெட், இளநீர், சாப்பாடு எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் ஆனது. என் பேன்ட் தனி. பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமை சுற்றுலா நடந்தது. தேவி டீச்சரிடம் இரண்டு முறை பேசியிருந்தாள். காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். அந்த நேரத்தில் எனக்கு இட்லி இறங்குவேனா என்றது, இறக்கினேன். பவித்ரா மஞ்சள் டாப்ஸையே போட்டுக்கொண்டு போனாள். நான் அன்றைக்குக் கடையில் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. ராத்திரி ஏழரைக்கு வேன் வந்து நின்றது. இறங்கி வந்தாள். வலி இல்லை, மயக்கம் இல்லை, பகல் பன்னிரண்டுக்கே சாப்பிட்டிருக்கிறாள். என்னென்ன பார்த்தாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பாக்கலப்பா. எல்லாம் நீதான் காட்டிட்டியே."

"அப்ப நாள் பூரா இன்னா பண்ண?"

"பேசிகினு இருந்தோம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.